முதல் கையெழுத்து யாருடையது?

போன வாரம் மருமகளை மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், கால் கடுத்திருக்கும். கீழே ஆபீஸ் அறையில் அவள் கணவன் தன் அப்பாவிடம், "ஆபீஸ்ல எல்லாரோட மெயிலையும் யாருக்கும் சொல்லாம திறந்து பாத்துடறேன்ப்பா. திருட்டு தானா வெளிய வரும்" என்று சொன்னது அவள் காதில் விழுந்ததல்லவா?

அதை அவள் தடுத்துவிட்டாள். எப்படி என்று கேட்காதீர்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் நாம் மூக்கை நுழைக்க வேண்டாம். மறுநாள் காலையில் அவன் முகம் உர்ரென்று இருந்தது, அவள் கையில் கணினியில் அடித்த தாள்கள் இருந்தன. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியில் வீடு, கீழே அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. மாமனார் தனி ஆளாக நின்று உண்டாக்கியது. ஒரு பொம்மைக் கம்பெனிக்காக இவர்கள் புது மாதிரிப் பெட்டி ஒன்றை வரைந்தார்கள். டேப்பே ஒட்டாமல், மடித்துச் செருகினால் மூடிக்கொள்கிற பெட்டி. அந்தப் படம் எப்படியோ போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய், அந்தக் கம்பெனிக்காரன் அதைத் தன் சரக்கு போலக் கொண்டுபோய்ப் பொம்மைக் கம்பெனியிடமே நீட்டிவிட்டான்.

பழி விழுந்தது பென்சில் மேல். படம் வரைகிற பெண். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று அந்தப் படத்தை ஒருநாள் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டாள். அது போதாதா? விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டான் கணவன். அவள் அழுதுகொண்டே போனதை ஆபீஸே பார்த்தது.

இது ஒரு பக்கம். பொம்மைக் கம்பெனியின் அதிகாரி அம்மாள் போட்ட குண்டு இன்னொரு பக்கம்.

"உங்க ஆபீஸ்ல இருந்து எது வெளிய போகுதுன்னு உங்களுக்கே தெரியல. உங்களை நம்பி எங்க பொம்மைப் படங்களை நான் எப்படி அனுப்பறது? இன்டர்நெட், இமெயில் எல்லாத்துக்கும் எழுத்துல விதி போடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடும்."

இன்று வெள்ளிக்கிழமை.

மருமகளுக்குப் பயமாக இருந்ததா? இல்லவே இல்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய கம்பெனியின் கணினிப் பிரிவில் இதே வேலையைப் பார்த்தவள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சொல்லுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இதுதான். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பல் தேய்க்கும்போதுகூட விதிகளைத்தான் முணுமுணுத்தாள். இந்த விதிகள் நின்றால், முறையாக விசாரித்துப் பென்சிலைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

சாப்பாட்டு மேஜையில் கணவன் தாள்களைப் புரட்டினான்.

"கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக் கூடாது, சரி. ஆபீஸ் மெயில்ல சொந்த விஷயம் கூடாது, சரி. சாப்பாட்டு நேரத்துல சொந்த இன்டர்நெட் பாத்துக்கலாம், அதுக்குத் தனி இணைப்பு. இது எதுக்கு?"

"பையன் ஸ்கூல்ல இருந்து செய்தி வந்தா ஒரு அம்மா பாக்க வேண்டாமா? மூச்சு விடறதுக்கும் தடை போட்டா யாருங்க கையெழுத்துப் போடுவாங்க?"

அவன் அடுத்த தாளைத் திருப்பினான். புருவம் மேலே போனது.

"யாரோட மெயிலையும் தனியா ஒருத்தர் திறக்கக் கூடாது. ரெண்டு பேர் சேர்ந்துதான் திறக்கணும், அதுல ஒருத்தர் தொழிலாளிகள் சொல்ற ஆள். மெயிலுக்குச் சொந்தக்காரரும் பக்கத்துல இருக்கணும். இதெல்லாம் முதலாளிகள் உட்பட எல்லாருக்கும் பொருந்தும்." தாளை மேஜைமேல் வைத்தான். "முதலாளிகள் உட்படவா? எங்க ஆபீஸ்ல எங்க மெயிலைத் திறக்க நாங்க ஆள் கூப்பிடணுமா?"

"நாம என்ன வானத்துல இருந்து குதிச்சோமா?" என்றாள் அவள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்று மாமனார் பக்கம் திரும்பினாள்.

மாமனார் ஜன்னலோரம் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் இதுதான் காட்சி. அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடிதம் போனாலும் வந்தாலும் ஐயாவுக்கு ஒரு நகல். கார்பன் தாள் வைத்து எழுதிய காலத்தில் அவர் மேஜைக்கு ஒரு நகல் போகும். மெயில் வந்தபிறகு அவருடைய மெயிலுக்குப் போகிறது. சுண்டு விரல் அளவு ரசீதாக இருந்தாலும் ஐயாவுக்குப் போகாமல் ஒன்றும் நகராது.

"போடட்டும்டா" என்றார் அவர், நிமிராமலே. "என் மெயில்ல என்ன இருக்கு, மண்ணாங்கட்டி. பயப்படறவன்தான் பயப்படணும்."

கணவன் தாள்களை அவள் பக்கம் தள்ளினான். மருமகளுக்கு அப்படியே மாமனார் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

கூட்டம் தொழிற்சாலைக் கூடத்தில். அட்டையை நெளிக்கிற பெரிய இயந்திரத்தை நிறுத்தியதும் கூடம் திடீரென்று விசாலமானதுபோல் ஆகிவிட்டது. பசை வாசனை மட்டும் போகவில்லை. கட்டுக் கட்டாக அடுக்கிய அட்டைகள் மேல் பாதிப் பேர், தரையில் மீதிப் பேர். ஒரு கட்டின் மேல் ஏறி நின்றாள் மருமகள்.

முதல் விதியைப் படித்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேடம், கடவுச்சொல்லை எழுதி ஒட்டி வைக்கக் கூடாதுன்னா, நான் மறந்துட்டா யார் சொல்லுவா?" கணக்குப் பிரிவில் இருந்து ஒரு குரல்.

"உங்க கடவுச்சொல்தான் எங்க எல்லாருக்கும் தெரியுமே, நாங்க சொல்றோம்" என்றது இன்னொரு குரல். கூடம் அதிர்ந்தது.

"மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் பாக்கலாமா?"

"சாப்பாட்டு நேரத்துல பாருங்க. மிஷின் ஓடும்போது பாத்தா விரல் போயிடும்."

"மேடம், அப்ப எனக்கு?" என்று எழுந்தார் காலை வணக்கம்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்கு அனுப்பும் பிரிவுக்கு இவர்தான் தலைவர். தினமும் காலையில் ஆபீஸ் மெயிலில் இருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பூப்படம் போட்டு 'காலை வணக்கம்' அனுப்பாமல் இவருக்குப் பொழுது விடியாது. ஒருமுறை கடன் கேட்டு மிரட்டல் அனுப்ப வேண்டிய கம்பெனிக்குக்கூட முதலில் ரோஜாப்பூ போனது. ஆனால் நேர்மையில் ஆள் கத்தி. தொழிலாளிகளுக்கு இவர் சொன்னால் சொன்னதுதான்.

"அண்ணே, பூவெல்லாம் இனிமே உங்க சொந்த போன்ல இருந்து" என்றாள் மருமகள். கூடம் மறுபடி சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை.

"அதை விடுங்க மேடம். நான் கேக்க வந்தது வேற. பென்சில் பொண்ணு மெயிலை சார் திறந்து பாத்தாரு. அவளை வெளிய அனுப்பிச்சாரு. அப்ப யாரும் பக்கத்துல இல்ல. நாளைக்கு என் மெயிலும் அப்படித்தானே? முதலாளிக்கும் உண்டுன்னு தாள்ல இருக்கு. தாள்ல என்ன வேணா எழுதலாம். முதல்ல முதலாளி மெயிலைத் திறந்து காட்டுங்க. அப்புறம் நாங்க எல்லாரும் போடறோம் கையெழுத்து."

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து மாமனார் குரல்.

"அவ்வளவுதானே? வாங்கய்யா, என்னோடதைத் திறங்க. எனக்கென்ன ஒளிவு மறைவு?"

கைதட்டல் காதைப் பிளந்தது. தொழிலாளிகள் சார்பில் ஆளாகக் காலை வணக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இந்த அளவுக்குக் காரியம் நடக்கும் என்று மருமகள் எதிர்பார்க்கவில்லை. நிற்க முடியவில்லை அவளுக்கு, பறக்கிறாள்!

ஆபீஸ் அறைக்குள் நாலு பேர். மாமனார் தன் நாற்காலியில், பக்கத்தில் கணவன், கணினி முன்னால் மருமகள், அவள் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் காலை வணக்கம். மாமனார் தன் கடவுச்சொல்லைத் தானே அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக, விசைகளைத் தடவித் தடவி. வயதானவர், நிதானம் என்று நினைத்துக்கொண்டாள் மருமகள்.

வந்த மெயில்களில் சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. அனுப்பிய மெயில்களிலும் ஒன்றுமில்லை. உண்மையில் அவர் ஒன்று கூட அனுப்பியிருக்கவில்லை. "பாத்தீங்களா?" என்று சிரித்தார் மாமனார். பழைய வேலையின் பழக்கதோஷம், மருமகள் மெயிலின் அமைப்புகள் பக்கத்தையும் திறந்தாள்.

அங்கே ஒரு வரி இருந்தது. இந்த முகவரிக்கு வரும் மெயில் ஒவ்வொன்றும் தானாகவே இன்னொரு முகவரிக்கும் போகும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள்.

அந்த முகவரி அவளுக்குத் தெரியும். கணவனுக்கும் தெரியும். பாப்பாவுடையது.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. மாமனாரின் ஒரே மகள், கணவனின் தங்கை, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறவள். அவள் புருஷன், இந்த வீட்டு மாப்பிள்ளை, இங்கே பங்கு கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டு போனதும், போன வேகத்தில் அதே போட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் நம் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

மருமகள் மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். கம்பெனியின் மெயில் அத்தனையும், பென்சிலின் படம் உட்பட, ஐயாவுக்கு ஒரு நகல். ஐயாவிடமிருந்து பாப்பாவுக்கு ஒரு நகல். பாப்பா வீட்டில் மாப்பிள்ளை.

"அப்பா!" என்றான் கணவன். "இதை யாருப்பா போட்டது?"

மாமனார் திரையைப் பார்த்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். அப்போதுதான் மருமகளுக்குப் புரிந்தது. அவருக்கு அந்த வரி தெரியவே இல்லை.

"பாப்பாதான்டா போட்டுக் கொடுத்தா" என்றார் மெல்ல. "போன தடவை வந்தப்ப. எனக்கு எழுத்து எதுவும் தெரியறதில்ல. எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தினம் மொட்டைமாடியில நடக்கறப்ப அவதான் போன்ல ஒண்ணொண்ணா படிச்சுச் சொல்லுவா. நான் கேட்டுக்குவேன்."

"டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? 'நீங்க வீட்டுல இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்'னுவ. அதுக்கா இதைக் கட்டினேன்?"

கணவன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. காலை வணக்கத்தின் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. இது குடும்ப விஷயம்" என்றான்.

காலை வணக்கம் சட்டென்று எழுந்தார். அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

மருமகள் யோசித்தாள். அவர் வெளியே போய்விட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அந்த வரியை அழித்துவிடலாம். மாமனார் மானம் தப்பும். வெளியே கையெழுத்து விழும், ஆர்டர் வரும். பென்சிலை மட்டும் காரணம் சொல்லாமல் கைகழுவ வேண்டியிருக்கும். அழுதுகொண்டே போன அந்த முகம் கண்முன் வந்து நின்றது.

"உட்காருங்கண்ணே" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா? இவர் என் அப்பாடீ!" என்றான் கணவன்.

"தெரியுதுங்க. எனக்கும் அழுகைதான் வருது. ஆனா இப்ப இவரை அனுப்பிட்டா, இந்தத் தாளைக் கிழிச்சுக் குப்பையில போட்டுடலாம். மாமா, நீங்க என்னைத் திட்டுங்க. வீட்டுல என்கிட்ட பேசாதீங்க. ஆனா அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல."

மாமனார் மேஜை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"டேய், பென்சில் பொண்ணுக்கு வண்டி அனுப்பு" என்றார் மகனிடம். "நீ என்னைக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா. வாசப்படியில கைபிடிச்சுக்கோ. இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

கூடத்தில் அவர் பேசியது நாலே வார்த்தை. படம் வெளியே போனது தன் மெயில் வழியாகத்தான். தனக்குக் கண் தெரியவில்லை, அதை ஊருக்கெல்லாம் மறைத்ததுதான் முதல் தப்பு. பென்சில் மேல் போட்ட பழியைத் தான் வாபஸ் வாங்குவதாகவும், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். ஐயாவுக்கு ஒரு நகல் என்கிற பழக்கம் இன்றோடு சரி.

யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு காலை வணக்கம் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ஐயாவின் கையில் கொடுத்தார்.

"எந்த இடம்மா?" என்றார் மாமனார். மருமகள் அவர் விரலைப் பிடித்து, முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் வைத்தாள். அவர் போட்டார். கோணலாக விழுந்தது, ஆனால் அழுத்தமாக விழுந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். நீ முந்தி நான் முந்தி என்று வரிசை கதவு வரை போய்விட்டது. கணவன் தலைகுனிந்தபடி வந்து போட்டான். போட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். "நான் தனியா திறந்து பாத்திருந்தா அப்பாவோடதைத் திறந்தே இருக்க மாட்டேன்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அவளுக்கு அது போதும்.

பென்சில் வந்து இறங்கியபோது கூடமே எழுந்து நின்றது. மாமனார் கைகூப்ப, அவள் பதறிப்போய், "ஐயா, ஐயா, என்னங்கய்யா இது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவனும் தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டான். "பரவால்ல சார்" என்றவள், "ஆனா நானும் படத்தைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினது தப்புதான், அந்த விதியில என் கையெழுத்தைப் பெருசா போடறேன்" என்றாள். போட்டாள்.

பாப்பாவுக்கு நகல் போகிற அந்த வரியை அழித்துவிட்டு, கையெழுத்துத் தாள்களை மருமகள் பொம்மைக் கம்பெனிக்கு அனுப்பினாள். நடந்ததையும் மறைக்காமல் எழுதினாள். பதில் வருவதற்குள் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள். வந்தது போன்.

"முதலாளியோட கையெழுத்தைத்தான் நான் முதல்ல தேடினேன்" என்றார் அதிகாரி அம்மாள். "போட்டியாளர் பண்ணினதை எங்க வக்கீல் பாத்துக்குவாரு. திங்கக்கிழமை பெட்டி மாதிரியோட வாங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்."

மருமகள் கத்திய கத்தலில் மாடியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். அந்த இரைச்சலிலும் சிரிப்பு கேட்டது. பென்சிலை யாரோ தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள், மாமனாருக்குக் கண்ணாடி வாங்க எந்த டாக்டர் நல்லவர் என்று பத்துப் பேர் யோசனை சொன்னார்கள். மருமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அவள் கைபேசி அடித்தது. பாப்பா.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அண்ணி, அப்பா மெயில் வர்றது நின்னுடுச்சு. தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு பாப்பா. உன்மேல யாருக்கும் கோபமில்ல. நீ அப்பாவுக்குப் படிச்சுச் சொன்ன, அவ்வளவுதான். மாப்பிள்ளை உனக்குத் தெரியாம எடுத்திருக்காரு. அதை எப்படிப் பேசறதுன்னு நாங்க..."

"அவர் எடுக்கல அண்ணி."

மருமகள் நிமிர்ந்தாள்.

"அவருக்கு அந்தப் படத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அந்தக் கம்பெனிக்கு அனுப்பினது நான்தான். தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

"பாப்பா... ஏன்?"

"போன்ல சொல்ல முடியாது. அப்பா முகத்தைப் பாத்துச் சொல்லணும்னுதான் காலையிலயே கிளம்பி வந்தேன். வாசல் கேட் பக்கத்துல நிக்கறேன். உள்ள வரலாமா அண்ணி?"

மருமகள் திரும்பினாள். சரக்கு வண்டிக்காகத் திறந்துவிட்டிருந்த கேட்டருகே, பெட்டியும் கையுமாகப் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவளை முதலில் பார்த்தவர் காலை வணக்கம். "ஐயா, நம்ம பாப்பா வந்திருக்கு!" என்று கூவினார்.

மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது. யார் கையையும் பிடிக்காமல், குரல் வந்த திக்கில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நடந்தார்.

"உனக்கு நூறு ஆயுசு! இப்பதான்டா உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தோம். மாப்பிள்ளை பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவ? நீ அழாதே, அப்பா இருக்கேன்!"